நாலு கட்டையில் நின்ற பெட்டி

2008 கோடையில் புதுச்சேரியில் என் கழுத்திலிருந்த தைராய்டு கட்டியை எடுத்தார்கள். தழும்பு சேலைத் தலைப்புக்குள் மறைந்துவிட்டது. குரல்தான் திரும்பி வரவில்லை. பேச முடிந்தது, பாட வாயெடுத்தால் மேல் ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது.

எங்கள் சேர்ந்திசைக் குழுவில் பன்னிரண்டு பெண்கள். ஞாயிறு மதியம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவோம். வாரமெல்லாம் வங்கியில் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்க்கிற எனக்கு அந்த மதியம்தான் சொந்தம். அதை விட மனமில்லை. யாரிடமும் சொல்லாமல் நடு வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தால் 'நீங்க முன்னாடி உக்காந்து கேளுங்கக்கா' என்று அன்பாகக் கீழே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அந்த அன்பை என்னால் தாங்கவே முடியாது.

மார்கழியில் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் பாட அழைத்திருந்தார்கள். பாட்டுத் தேர்வுக்கு எங்களிடம் ஒரே விதி. ஆளுக்கொரு பாட்டு கொண்டுவரலாம். கொண்டுவந்தவள்தான் அதைத் திரும்பப் பெற முடியும். ஒருத்தி பாட்டை இன்னொருத்தி தள்ளக் கூடாது. இந்த விதி மட்டும் இல்லையென்றால் நாங்கள் எப்போதோ பன்னிரண்டு குழுவாகியிருப்போம்.

என் தோழி ஒருத்தி கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். கரையில் நின்று கூப்பிட்டால் படகில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான், அப்படியொரு தொண்டை. மேல் ஸ்தாயியிலேயே சுற்றித் திரிகிற ஒரு முருகன் பாட்டை இப்படியொரு கச்சேரிக்கென்றே வருடக்கணக்காகப் பாடித் தேற்றி வைத்திருந்தாள். தேர்வு அன்று அதை அவளே திரும்பப் பெற்றுவிட்டாள்.

"எனக்கு தொண்ட கட்டுது. இந்த வருசம் வேணாம்."

சற்று முன்புதான் வாசலில் ஆட்டோக்காரரிடம் தெருவே அதிரச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவளைப் பார்த்து மற்றவர்களும் உச்சியில் நிற்கும் பாட்டுகளையெல்லாம் திரும்பப் பெற்றார்கள். மாமியாருக்குப் பிடிக்காது என்றாள் ஒருத்தி. அந்த ராகம் தனக்கு ராசியில்லை என்றாள் இன்னொருத்தி. மிஞ்சியவை நடவுப் பாட்டு, கும்மி, இரண்டு தாலாட்டு. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு தாலாட்டா? வர்றவங்கள பாய் தலகாணி எடுத்துக்கிட்டு வரச் சொல்லிடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. சுருதிப் பெட்டியைப் பொறுப்பாக வைத்திருக்கும் டீச்சர், "பொட்டி வேற கெட்டுப்போச்சுக்கா. நாலு கட்டைக்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்றாள். எங்கள் வழக்கமான சுருதி ஐந்தரைக் கட்டை. நாலு என்றால் நன்றாகவே இறங்கிவிடும். ரிப்பேருக்குக் கொடுக்கலாமே என்றேன். கடைக்காரர் ஊரில் இல்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒத்திகையில் அந்தத் தாழ்ந்த சுருதியிலும் வாயைத்தான் அசைத்தேன். காற்று வந்த இடத்தில் மறுபடி முயன்று பார்க்கத் துணிவில்லை.

சிதம்பரத்தில் எங்களுக்கு முன்னால் பாடவிருந்த குழுவின் பெட்டி நின்றுபோனது. அவர்கள் வந்து கேட்டபோது டீச்சர் காபி குடிக்கப் போயிருந்தாள். நானே எடுத்துக் கொடுத்தேன். "நாலு கட்டைக்கு மேல போவாதும்மா" என்று எச்சரிக்கையும் செய்தேன். அந்தப் பெண் குமிழைத் திருகினாள். ஐந்து, ஐந்தரை, ஆறு என்று பெட்டி இனிமையாக ஏறிக்கொண்டே போனது.

அவர்கள் பாடி முடிக்கும்வரை திரைக்குப் பின்னால் நின்றேன். கட்டாத தொண்டை, பிடிக்காத மாமியார், ஊரில் இல்லாத கடைக்காரர், எல்லாம் அங்கே விளங்கின. தோளோடு தோள் நின்று பாடுகிறவளுக்குப் பக்கத்துக் குரல் நின்றுபோனது தெரியாமலா இருக்கும்? என் தொண்டைக்கு எட்டுகிற பாட்டுகளாகப் பார்த்து ஒரு கச்சேரியையே அமைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை முட்டியது.

பெட்டி திரும்பி வந்ததும் தோழியிடம் கேட்டேன். "பொட்டி நல்லாத்தானடி இருக்கு?"

அவள் வாங்கிக் குமிழை நாலுக்குத் திருப்பினாள். "நம்ம கைக்கு வந்தா கெட்டுப்போவும். அழுவாத, தொண்ட கட்டிக்கும்."

"உன் முருகன் பாட்டு?"

"முருகன் எங்க போயிடப் போறாரு? வாடி."

நன்றி என்று சொல்லியிருந்தால் அங்கேயே அடித்திருப்பாள். இன்றுவரை சொன்னதில்லை. அந்தப் பதினொரு பேரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதல் தாலாட்டு வரை வாயைத்தான் அசைத்தேன். இரண்டாவதில் பாடினேன். கரகரப்பாக, ஆனால் சுருதியில், குரல் வந்தது. பக்கத்தில் நின்றவள் என் பக்கம் திரும்பவில்லை. படகைத் திருப்புகிற தன் குரலை அடக்கி, எனக்கு இடம் விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.