வேன் வருவதற்குள் ஒரு மல மாதிரி

ஆராய்ச்சியின் இரண்டாம் வருடம் முழுக்க கிருமி வளர்க்கும் என் தட்டுகளில் ஒன்றுமே வளரவில்லை. ரத்தமும் சளியுமாகப் போகிற சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சிவகாசிப் பக்கமிருந்து மல மாதிரிகள் பஸ்ஸில் ஏறி, விருதுநகரில் இருந்த எங்கள் லேபுக்கு மதியத்துக்கு மேல் வந்து சேரும். வெயிலில் வெந்த டப்பாக்கள். அந்தக் கிருமி வயிற்றுக்குள் இருக்கும் வரைதான் முரடு. வெளியே வந்துவிட்டால் சில மணி நேரம்கூடத் தாங்காது. நான் தேடத் தொடங்கும்போது செத்திருக்கும்.

என் பேராசிரியை பொறுமை இழந்துவிட்டார். “ஃப்ரீசர்ல பழைய ஸ்டாக் இருக்குல்ல? அத வச்சு முடிச்சிட்டுப் போங்க. இன்னும் எத்தன வருஷம் டப்பாவத் தூக்கிக்கிட்டு அலைவீங்க?”

எப்போதோ பிடித்து உறைய வைத்திருந்த அந்தப் பழைய ஷிகெல்லாவைச் சாயம் கலந்த தட்டில் வளர்த்துப் பார்த்தேன். குடல் சுவருக்குள் புகுகிற திறன் மிச்சமிருந்தால் கிருமி அந்தச் சாயத்தை இழுத்துச் சிவப்பாகும். திறன் போய்விட்டிருந்தால் வெளுப்பாகவே நிற்கும். எல்லாத் தட்டும் வெளுப்பு. வருடக் கணக்காக லேபிலேயே மாற்றி மாற்றி வளர்த்ததில், நோய் உண்டாக்கும் மரபணுக்களை அவை தொலைத்துவிட்டிருந்தன. தட்டுகளைப் பேராசிரியையின் மேசையில் வைத்தேன். “இதுக யாருக்கும் பேதி வர வைக்காது மேடம். நான் புதுசாப் பிடிக்கிறேன்” என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன் செய்தார். ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு காலனி. வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்றார். கிளம்பிப் போனேன்.

முதல் வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

“எல்லாம் மருந்துதான் நர்ஸக்கா” என்றாள் அவள். பட்டாசுக்குள் அடைக்கிற கலவையை அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள்.

“நான் நர்ஸ் இல்லக்கா, கிருமிய டெஸ்ட் பண்றவ. பிள்ள கம்பெனிக்கே வர்றதில்லையே, மருந்து எப்படி ஒட்டும்?”

“எஞ்சேலையில ஒட்டிக்கிட்டு வருதுல்ல? நாந்தான கொண்டாந்து பிள்ளைக்குக் குடுத்துட்டேன்.” நாலு நாளாக மகளை மடியில் கிடத்தவில்லை என்றாள். குளித்து, சேலையை வெளியிலேயே நனைத்துப் போட்டுவிட்டு வந்தாலும் தொடப் பயமாக இருந்ததாம்.

அதற்கு மேல் தீசிஸ் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இவளுக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. மகளின் மலம் கொஞ்சம் வேண்டும், போன உடனே வேண்டும் என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

“இதக் கேக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக? அதோட காலையில ஆறரைக்கே கம்பெனி வேன் வந்துரும். ஒங்க பஸ்ஸு எட்டுக்குத்தான்.”

“வேனுக்கு முன்னாடி நான் இங்கன நிப்பேன்.”

வீட்டில் சொன்னபோது அத்தா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர். “ஊராரு பீய அள்ளிட்டு வரவா ஒன்னய இம்புட்டுப் படிக்க வச்சேன்?” என்றார். ஆனால் மறுநாள் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு வாசலில் நின்றார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்து ஏறிக்கொண்டேன்.

அவள் கதவுக்கு வெளியே காத்திருந்தாள். “இப்பத்தான் போனா” என்று மூடிய டப்பாவை நீட்டினாள். பஞ்சுக்குச்சியால் தொட்டு, கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கூழ் நிரப்பிய குழாயில் அங்கேயே செருகி ஐஸில் வைத்தேன். தெரு முனையில் வேன் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மறுநாள், மாதிரியைத் தேய்த்து வைத்திருந்த இளஞ்சிவப்புத் தட்டில், ஷிகெல்லா வளர்வதுபோலவே நிறமே இல்லாத சின்னச் சின்னப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. அவற்றைச் சாயத் தட்டுக்கு மாற்றினேன். அதற்கடுத்த நாள் அங்கே எல்லாம் சிவப்பு. மரபணுச் சோதனையும் அது ஷிகெல்லாதான் என்றது. பேராசிரியை தட்டை வெளிச்சத்தில் தூக்கி நெடுநேரம் பார்த்தார். “எந்த மாத்திரைக்குச் சாகுதுன்னும் பாத்துருங்க” என்றார். டாக்டர் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரைக்கு அது சாகவில்லை, வேறொன்றுக்குச் செத்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். அன்று மாலையே மாத்திரையை மாற்றினார்.

சாயங்காலம் வேன் திரும்புகிற நேரத்துக்கு நான் காலனியில் இருந்தேன். அவள் இறங்கியதும் சொன்னேன்: “மருந்து இல்லக்கா. கிருமி. ஒங்க சேலையில வரல.”

அவள் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அப்ப எது வழியா வந்துச்சு?”

தெருக்குழாய்த் தண்ணீரை எடுத்துச் சோதித்தேன். அதில் ஷிகெல்லா கிடைக்கவில்லை. ஆனால் மலத்தில் வாழும் கிருமிகள் நிறைய இருந்தன. குழாய் சாக்கடைக்குள்ளேயே புதைந்து போகும் இடத்தையும் அவளே காட்டினாள். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்த பஞ்சாயத்து யூனியன் அதிகாரி, “நீங்க சொல்ற கிருமிதான் தண்ணியில இல்லையேம்மா?” என்றார்.

“குடிக்கிற தண்ணியில சாக்கட கலந்திருக்கு சார். குழாய மாத்த இது போதும்” என்றேன். பார்க்கலாம் என்றார்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் காலையில் வேன் ஹாரன் அடித்து அடித்துக் காலியாகவே திரும்பிப் போயிற்று. காலனிப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு யூனியன் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் நடுவில் உட்கார்ந்தேன். “குடிங்க சார், ஒரு கிளாஸு குடிங்க” என்று அவள் குழாய்த் தண்ணீரை நீட்டியபோது அதிகாரி கை நீட்டவில்லை. அந்த வாரமே பள்ளம் தோண்டி, சாக்கடையை விட்டு விலக்கிப் புதுக் குழாய் பதித்தார்கள். நான் மறுபடி மறுபடி தண்ணீர் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் முறை சுத்தமாக வந்தது.

அதைச் சொல்லப் போனபோது மகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். அன்று கம்பெனி லீவு. அவள் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “அடுத்த தெருவுலயும் ரெண்டு பேருக்கு வயித்துவலியாம். நாளைக்கு வருவீகளா? நான் டப்பாவக் குடுத்துச் சொல்லி வைக்கேன்” என்றாள்.

பையிலிருந்து புது டப்பாக்களை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.