போனில் சொன்ன குரல்

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அந்த வருடம் புதிதாக ஒரு வசதி வந்தது. போனில் எங்களை அழைத்து, மருத்துவமனை அட்டையில் உள்ள நம்பரை அழுத்தினால் போதும், பதிவு செய்த குரல் ஒன்று முடிவைச் சொல்லிவிடும். அந்தக் குரல் என்னுடையது. முடிவுக்காக யாரும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டியதில்லை என்று எனக்குப் பெருமைதான்.

ஒரு நாள் காலையில் அன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கவுண்டருக்கு வந்தாள். நான் "சொல்லுங்க" என்றதும் என் முகத்தையே பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, போன்ல பேசறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க அம்மணி."

"எனக்கு டி.பி.ன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லிப்போட்டீங்களே. நானே இன்னும் கேக்கலீங்க."

அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் அண்ணன், டி.வி. மேல் கிடந்த அட்டையைப் பார்த்து நம்பரைக் குறித்துப்போய் அழைத்திருக்கிறார். மறுநாளே சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. அதுதான் என்னை உட்கார விடவில்லை.

பெரிய டாக்டரிடம் ஓடி நடந்ததைச் சொன்னேன்.

"நம்பர் தெரிஞ்சவங்கதானேம்மா கேக்க முடியும்?" என்றார்.

"அந்த நம்பரத்தான் அட்டை மேலயே அச்சடிச்சிருக்கோமுங்களே சார்."

"பாக்கலாம்" என்று சொல்லி அடுத்த நோயாளியை அழைத்தார்.

பாக்கலாம் என்றால் எத்தனை நாள்? போனில் முடிவு சொல்லும் மெஷினில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம், யாரோ யாருடைய நோயையோ கேட்கிறார்கள் என்று எனக்குப் பதறியது. பெயர்களைத் தப்புத் தப்பாக அடித்தேன். மூன்றாம் நாள் யாரையும் கேட்காமல் அந்த மெஷினின் போன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

மத்தியானமே டாக்டர் கூப்பிட்டுவிட்டார். "யாரைக் கேட்டுச் செஞ்சே?"

"யாரையும் கேக்கலீங்க. வேணும்னா என்னை வேலைய விட்டு அனுப்பிச்சுருங்க. என் குரல மட்டும் அழிச்சுருங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஒயரை இப்ப மாட்ட வேண்டாம்" என்றார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் மாட்டினோம். அதற்குள் ஒவ்வொரு நோயாளியும் தனக்கென ஒரு ரகசிய எண்ணைச் சொல்லிப் பதிய ஏற்பாடாகியிருந்தது. அட்டையில் அது இருக்காது. பெரிய நோய் எதையும் போனில் சொல்வதில்லை என்றும் முடிவானது. "டாக்டரை நேரில் பாருங்கள்" என்று புதிதாகப் பேசிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் மாத்திரைகளை விடாமல் சாப்பிட்டுக் குணமானாள். கடைசிப் பரிசோதனையின்போது ரகசிய எண் பதியட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க அக்கா. காயிதமா என் கையில குடுத்துருங்க."

கொடுத்தேன். அங்கேயே நின்று முழுவதும் படித்துவிட்டு, நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.