போர்மேனைத் தைத்த போர்வை

2006இல் சிக்குன்குனியா காய்ச்சல் விஸ்வநத்தம் ஊரை வீட்டுக்கு வீடு படுக்கப் போட்டபோது, பாண்டிச்செல்வியும் பட்டாசு ஆலைக்குப் போக முடியாமல் கிடந்தாள். மூட்டெல்லாம் வீங்கி, தண்ணீர்ச் செம்பைத் தூக்குவதே பாடாக இருந்தது. ஆலையின் போர்மேன் சின்னச்சாமி வாசலில் வந்து நின்று, "வேலைக்கு வர வலிச்சுக்கிட்டு எல்லாவளும் நொண்டி மாதிரி நடிக்காளுக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நலம் விசாரிக்கக்கூடத் தெரியாத அந்த ஆளின் முகத்தில் காறித் துப்பாமல் விட்டோமே என்று இரண்டு நாள் பொருமினாள். மூன்றாம் நாள் ஊசியை எடுத்து, பழைய சேலைகளை வெட்டிப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் கண்ட தெரு முழுவதும் துணி உருவங்களாக அதில் வந்தது. சுவரைப் பிடித்து நடந்த மாமியார் வந்தாள். வீடு வீடாகச் சைக்கிளில் வந்து மாத்திரை கொடுத்த நர்ஸ் எவாஞ்சலின் வந்தாள். வலி கூடிய நாட்களில் நாலு தையலோடு நிறுத்திக்கொண்டாள். நடுவில் சாக்குத் துணியில் சின்னச்சாமியை வெட்டி வைத்துத் தைத்தாள். உடம்பைவிட வாய் பெரிதாக இருந்தது. மூளைக்கு ஒரு நூல்கூடச் செலவழிக்கவில்லை.

தீபாவளி சீசனுக்கு ஆள் கிடைக்காமல் அவரே திரும்ப வந்தார். அவரையும் காய்ச்சல் பிடித்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொடியில் தொங்கிய போர்வையை உற்றுப் பார்த்தார்.

"இது யாரு தாயி?"

"நீங்கதான் அண்ணாச்சி. அடையாளம் தெரியலையாக்கும்?"

"நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாக? பிரிச்சிரு."

"பிரிக்க விரலு மடங்கலையே அண்ணாச்சி. வேணும்னா நீங்க உக்காந்து பிரிங்க."

அவரால் உட்காரவும் முடியவில்லை. கை தேறியதும் அவள் எம். புதுப்பட்டியில் வேறு ஆலையில் சேர்ந்துகொண்டாள்.