ஒரகடத்தில் இறங்கிய கால்

இந்தத் தொழிற்சாலைப் பக்கத்துப் பேருந்துகளில் உட்கார இடம் கிடைத்த ஆண்கள் பேசுவதில்லை, தூங்குகிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். நம் ஊர் வண்டியில் பக்கத்து சீட்டுக்காரர் இறங்குவதற்குள் நம் பெண்டாட்டியின் தாய்மாமன் பெயர்வரை கேட்டுத் தெரிந்துகொள்வார். இங்கே ஒருவன் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறான், இன்னொருவன் ஓ.டி. பார்த்துவிட்டு வருகிறான். தலை கம்பியில் முட்டினாலும் கண் திறக்காது. ஆனால் அவனவன் நிறுத்தம் வந்தால் யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கிவிடுவான். படப்பையில் குடியேறிய இரண்டாம் வருடம் எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. லீவுக்கு ஊருக்கு வந்தபோதெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். என் மகளின் நான்காவது பிறந்தநாளோடு அந்தப் பெருமை ஒழிந்தது.

காஞ்சிபுரம் போய்க் கோவிலில் கும்பிட்டு, ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். காலையில் ஷிஃப்ட் முடித்து வந்தவன் குளித்த ஈரம் காயுமுன் கிளம்பினேன். மகள் மதிக்குப் புது கவுன், காலில் கொலுசு, கழுத்தில் மாட்டிய சின்னப் பை நிறைய மிட்டாய். பேருந்தில் நல்ல கூட்டம். மனைவி பார்வதி மதியோடு முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில். நிற்பவரின் பிள்ளையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒன்றுதான் இங்கேயும் நம் ஊரைப் போலவே இருக்கிறது. முன்சீட்டில் யாரோ மதியை வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்தில் அவள் "அப்பாட்ட போணும்" என்று அழுதிருக்கிறாள். பார்வதி அவளை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பின்னால் அனுப்பிவிட்டு, என்னிடம் வந்து சேர்ந்திருப்பாள் என்று நிம்மதியாக நின்றிருக்கிறாள். நானோ கம்பியைப் பிடித்தபடி நின்றே தூங்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரகடம், ஒரகடம்" என்று கண்டக்டர் கத்தினார். என் கால் இறங்கிவிட்டது. தினமும் வேலைக்கு இறங்குகிற இடம். காலுக்கு வேறெதுவும் தெரியாது. தரையில் நின்று டிஃபன் பையைத் தேடித் தோளைத் தடவிய பிறகுதான், இன்று வேலைக்கு வரவில்லை என்பது உறைத்தது. அதற்குள் ஜன்னல் வழியே என் தலையைப் பார்த்த பார்வதி, இங்கே வண்டி மாறவேண்டும் போலிருக்கிறது என்று அடித்துப்பிடித்து இறங்கிவிட்டாள். வண்டி புறப்பட்டது.

"பிள்ளை எங்க?" என்றாள்.

"ஒங்கிட்டதான இருந்தா?"

"ஒங்ககிட்டல்லா அனுப்புனேன்!"

ஓடினேன். இரண்டு லாரிகள் குறுக்கே வந்தன, புழுதியில் பேருந்து தெரியவில்லை. நம் ஊர் வண்டியில் ஒரு பிள்ளை தனியாக விடுபட்டால், நமக்கு முன்னால் அது வீடு போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே யார் யாருடைய பிள்ளை என்று எவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே என் பெயர் தெரியாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று குடியிருப்புப் பெண்கள் பேசிக்கொண்டபோது நான் கேலி செய்திருந்தேன். இப்போது அந்தக் கதைகள் அத்தனையும் நினைவுக்கு வந்தன. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டதும், "கொயந்தையா? ஏறு சார், வாலாஜாபாத்ல புடிச்சிடலாம்" என்றார். பார்வதி அழவில்லை. "கொலுசு போட்டுருக்கா, கொலுசு போட்டுருக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். கொலுசுக்காகப் பிள்ளையை என்ன செய்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள் எனப் புரிந்ததும், இன்னும் வேகமாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரை அவசரப்படுத்தினேன்.

வாலாஜாபாத்தில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். மதி இல்லை.

"கொயந்தையா?" என்றார் கண்டக்டர். "ஒரு அம்மா இட்டுக்கினு எறங்கிட்டாங்களே, ஒரகடம் தாண்டி அடுத்த ஸ்டாப்லயே. அவங்க புள்ளைன்னு இல்ல நெனச்சேன்."

பார்வதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். திரும்பும் வழி முழுக்க நான் சாமி கும்பிடவில்லை. தூங்கின என்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கண்டக்டர் சொன்ன அந்த நிறுத்தத்தில், எதிர்ச்சாரி வெயிலில், வயற்காட்டுக்காரி மாதிரி ஓர் அம்மாள் நின்றாள். அவள் முந்தானைக்குள் தலையை மறைத்துக்கொண்டு மதி மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். போகும்போது பேருந்தையே தேடிப் பறந்த நாங்கள் அவர்களைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். பார்வதி பிள்ளையைப் பிடுங்கினாள். "யாரக் கேட்டு எறக்குனிய?" என்று கத்தினாள்.

"யார கேக்கறது? கேக்க ஆள் இருந்தா நான் ஏன் எறங்கறேன்?" அந்த அம்மாள் விடவில்லை. "பின்னால குடுன்னாங்க. தூங்கிப்போச்சேன்னு மடியிலயே வெச்சுக்கினேன். முழிச்சுக்கினு அழுவுது, பெத்தவங்களக் காணோம். தூரம் போய்ட்டா நீங்க எங்கன்னு தேடுவீங்க? அதான் இங்கியே நிக்கிறேன். மூணு பஸ்ஸு போயிட்ச்சு."

பார்வதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மதி பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து நீட்டினாள். "பொறந்த நாளாமே, சொல்லுச்சு. வடக்குப்பட்டுல நாலு பேரப்புள்ளைங்க கீது எனக்கு" என்று அந்த அம்மாள் இன்னும் மூன்றைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது.

காஞ்சிபுரம் போகவில்லை. திரும்புகிற வண்டியிலும் கூட்டம். உட்கார்ந்திருந்த ஒரு பெண், "கொயந்தைய குடும்மா" என்று கை நீட்டினாள். பார்வதி என்னைப் பார்த்தாள். கடைசியில் கொடுத்தாள். மதி முகம் தெரியாத அந்த மடியில் சாய்ந்து உடனே தூங்கிப்போனாள். படப்பை வரும்வரை அவளுடைய ஒரு காலைக் கொலுசோடு சேர்த்துப் பிடித்தபடியே பார்வதி நின்றுவந்தாள்.