பின் சீட்டில் ஒரு கேப்டன்

போன மாதம் நான் வந்த சின்ன விமானத்தின் முன்சக்கரம் தரையில் மோதி ஒடிந்தது. அப்போது நான் பின் சீட்டில் இருந்தேன். கேப்டனும் என் பக்கத்தில்தான் இருந்தார்!

தமாஷ் இல்லை. அவர்தான் கேப்டன் என்பது அவருக்கே விசாரணையில்தான் தெரிந்தது.

தருமலிங்கம் அண்ணன் எங்கள் ஊர் ஜார்ஜ் டவுனில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பறப்பதற்காகவே மற்ற ஆறு நாளும் பல் பிடுங்குகிறவர். அவர், செல்வா, குமரேசன் — மூவரும் கிளப் பைலட்டுகள். பயணி நான் ஒருவன்தான். ஈப்போ போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அண்ணனுக்கு முதுகுவலி. இளையவர்கள் இருவரையும் முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, பின்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஊர் விமான நிலையமான பாயான் லெப்பாஸின் ஓடுபாதை நெருங்கியது. கொஞ்சம் வேகமாகவே நெருங்கியது... டமார்! புல்தரையில் போய் நின்றோம். யாருக்கும் அடி இல்லை.

"ஏன்டா மூக்கத் தூக்கல?" என்றான் செல்வா.

"நீங்க இறக்குறீங்கன்னு கைய எடுத்துட்டேன்லா," என்றான் குமரேசன்.

"நீதான் இறக்குறேன்னு நான் நினைச்சேன்."

அப்படியானால் விமானத்தை ஓட்டியது யார்? யாருமே இல்லை! எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

விசாரணைக்குச் சாட்சியாகப் போனேன். அதிகாரி ஒரு பயணப் படிவத்தை எடுத்து வைத்தார். ஈப்போவில் கிளம்பும் முன் செல்வா நிரப்பியது. கேப்டன் பெயர்: தருமலிங்கம். கீழே அண்ணனின் கையெழுத்து.

"மூத்தவர் இருக்கறப்ப எங்க பேர போட்டா நல்லா இருக்காது சார். மரியாதைக்குத்தான் போட்டோம்," என்றான் செல்வா.

கல்யாணப் பத்திரிகையில் 'முன்னிலை' என்று பெரியவர் பெயரைப் போடுவோமே, அந்த மாதிரி. அண்ணனும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நம்மில் யார்தான் படிக்கிறோம்?

அதிகாரி நிதானமாக விளக்கினார். விமானத்தில் பத்து பைலட் இருந்தாலும் சட்டத்துக்குக் கேப்டன் ஒருவர்தான். கை யாருடையதாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர். பிறகு கேட்டார்: கேப்டன் ஏன் பின்னால் உட்கார்ந்திருந்தார்? அது இன்னொரு குற்றமாம்!

'எனக்குத் தெரியாது' என்று அண்ணன் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"கையெழுத்து என்னோடது சார். படிச்சிருக்கணும். படிக்கல."

லைசென்ஸ் ரத்து. இந்த வயதில், இந்த முதுகோடு, இனி மருத்துவப் பரிசோதனையில் தேறி இன்னொன்று வாங்குவது நடக்காத காரியம். இளையவர்கள் இருவருக்கும் எச்சரிக்கை மட்டும். எந்த மனதோடு இதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிறு கிளப்புக்குப் போனேன். அண்ணன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். செல்வா அவரிடம் ஓடி வந்து, "அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடட்டுமா?" என்றான்.

அவரைக் கேட்காமல் அவர்கள் இன்றைக்கும் கிளம்புவதில்லை... அவ்வளவு மரியாதை!