முனவ்வரா அக்கா வாங்கிய பிஸ்டல்

முனவ்வரா அக்கா ஊட்டி மார்க்கெட்டில் குடையும் மழைக்கோட்டும் விற்கிறாள். அவளுடைய அத்தா அப்துல் கஃபார் வைத்த கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் கடையில் இருக்க மாட்டாள். கிளப்புக்குப் போய் ஏர் பிஸ்டல் சுடுவாள். கல்லூரியில் என்.சி.சி.யில் தொடங்கிய பழக்கம் அது. பெண் பார்க்க வந்த ஒரு அம்மா, "பொண்ணு சுடுமாமே, தோசையா?" என்று கேட்டதற்கு, "அதுவும் சுடுவேனுங்க, ஆனா வட்டமா வராது" என்று அவளே பதில் சொன்னாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

நான் அவளுடைய சின்னம்மா மகள் நிதா. பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் அவளோடு சுற்றிக்கொண்டிருந்தேன். அதனால் இதையெல்லாம் கூட இருந்து பார்த்தேன்.

இதுவரை அவள் சுட்டது கிளப்பின் பிஸ்டல். அதன் காற்று சிலிண்டருக்கு ஆயுள் முடிந்துவிட்டது. தேதி தாண்டிய சிலிண்டரைப் போட்டிக்குள் விடமாட்டார்கள். மாநிலப் போட்டியோ நெருங்கிவிட்டது. இந்த வருடம் அதில் சுட்டுக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் அவள் வாங்கிய தகுதி செல்லாமல் போகும். மறுபடி அடியிலிருந்து ஏறி வரவேண்டும். புதுப் பிஸ்டல் எங்களுக்கு எட்டாது. பழையது ஒன்று குன்னூரில் இருப்பதாகக் கிளப்பில் சொன்னார்கள்.

விற்பவர் சில்வஸ்டர், எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலைச் சரிவின் நடுவே தனி வீடு. கண்ணாடி அடைத்த நீளமான வராந்தா. அதன் ஒரு கோடியில் மேசை, மறு கோடியில் இலக்கு அட்டை மாட்டும் பலகை. வெளியே பனிமூட்டம் கண்ணாடியோடு ஒட்டி நின்றது. பகல்தான் என்றாலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஜெபிஷா இங்கதானுங்க சுடுவா. எம் பொண்ணு. என்னமா சுடுவா!" என்றார் சில்வஸ்டர்.

அவருடைய மனைவி பியாட்ரிஸ் அக்காவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவசரப்படவில்லை. முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்த்தாள். இன்னும் காலம் இருந்தது. பிறகு, தன் கடைக்குப் பக்கத்துக் காய்கறிக் கடையில் இரவல் வாங்கி வந்த அரைக் கிலோ எடைக்கல்லைக் கம்பியில் கட்டி டிரிக்கரில் தொங்கவிட்டுத் தூக்கினாள். டிரிக்கர் அந்த எடையைத் தாங்க வேண்டும் என்பது போட்டி விதி. தாங்கியது.

கடைசியாகப் பிடி. புரியும்படி சொல்கிறேன். இந்தப் பிஸ்டலின் மரப்பிடியை, சுடுகிறவர் தன் கைக்கு ஏற்ப அரத்தால் ராவிக்கொள்வார். ராவியது அதிகமானால் மரப் புட்டிப் பசை வைத்து நிரப்புவார். அதனால் ஒருவர் பிடி இன்னொருவருக்கு ஆகாது. பழையதை வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் வேலையே பழையவர் கையை ராவி எடுப்பதுதான். அக்காவின் பையிலும் அரம் இருந்தது.

அவள் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தாள். குறிபார்க்கும் சைட் இலக்கின் நடுவில் நின்றது.

"அக்கா, எப்படி இருக்கு?" என்றேன்.

"எதையோ பிடிச்சிருக்கற மாதிரியே இல்லடி," என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

ஐந்து முறை சுட்டாள். அட்டையில் ஒரே ஒரு துளைதான் இருந்தது. நடுவிலுள்ள பத்து மதிப்பெண் வட்டத்துக்குள்ளேயே, இடது ஓரமாக. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சுட்டதில்லை. துளையை நடுவுக்குக் கொண்டுவர சைட்டின் திருகைத் திருப்பிவிட்டுப் புது அட்டையில் மறுபடி ஐந்து சுட்டாள். அதே இடம். இன்னும் திருப்பினாள். அதே இடம்.

"திருகினாலும் அங்கயேதானுங்க போகும்," என்றார் சில்வஸ்டர், அது நல்ல குணம் என்பதுபோல.

பியாட்ரிஸ் அலமாரியிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து வந்தார். ஜெபிஷா சுட்டது. அதை அக்காவின் அட்டை மேல் வைத்துக் கண்ணாடியில் அழுத்தினார். துளைகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, இரண்டின் வழியாகவும் வெளியே இருந்த பனியின் வெளுப்பு தெரிந்தது.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இங்கயே வந்து சுடு கண்ணு," என்றார். "அவ போனதுக்கப்புறம் இந்தச் சத்தமே இல்ல."

அக்கா கண்ணாடியிலிருந்து விலகி வந்தாள். ஆனால் பிஸ்டலை வாங்கிக்கொண்டாள். அரத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ்ஸில் நான் கேட்டதற்கு, "பொருந்தினத எதுக்குடி ராவணும்?" என்றாள்.

அந்த வாரம் கிளப்பில் அவள் சுட்டதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. எல்லாம் பத்து. எல்லாம் இடது ஓரம். வாரக் கடைசியில் கடையில் அவளுடைய அத்தாதான் முதலில் கவனித்தார்.

"ஏம்மா, கோட்ட மடிக்கறப்ப கைய ஏன் அப்படி வச்சிருக்க?"

அவளுடைய வலது கை பிடியைப் பிடித்த வடிவத்திலேயே இருந்தது. பெருவிரல் நிமிர்ந்து, சுட்டுவிரல் தனியாக நீண்டு. அவள் அதைத் தெரிந்து செய்யவில்லை. இடது கையால் பிரித்துவிட்டாள். அடுத்த கோட்டை எடுப்பதற்குள் கை மறுபடி அப்படியே மடங்கியது. சோறு பிசையும்போதும் அப்படித்தான்.

பிஸ்டலைப் பெயர் மாற்றப் பழைய பில் தேவைப்பட்டது. சில்வஸ்டரிடம் கேட்டதற்கு, "அது ஜெபிஷாகிட்ட இருக்குங்க" என்று ஒரு நம்பர் கொடுத்தார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் இறந்துவிட்டாள் என்றே இருவரும் நினைத்திருந்தோம். அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"பில் அனுப்பறனுங்க. ஒண்ணு கேட்கலாமுங்களா? பிடி உங்களுக்குப் பொருந்துச்சா?" என்றாள் ஜெபிஷா.

"உங்க கையும் என் கையும் ஒரே அளவு போலங்க."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் தள்ளிப் போனது; ஜெபிஷா எழுந்து வெளியே வந்திருப்பாள்.

"அது எனக்காக ராவுனது இல்லீங்க. நானும் செகண்ட் ஹேண்டாத்தான் வாங்குனேன், ஒரு ஆம்பள ஆள்கிட்ட. பெரிய கை அவருக்கு. எனக்கும் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு, ராவாம உட்டுட்டேன். அப்புறம் பேனா பிடிக்க வரல. சாவி திருப்ப வரல. தூக்கி வச்சிட்டு வந்த பின்னாடிதான் கை என் கையாச்சு. அம்மாவுக்குச் சொன்னா ஏறல. உங்களுக்கு மேட்ச் இருக்குதுங்களா?"

"இருக்குங்க. வேற பிஸ்டல் இல்ல."

"அப்ப ராவிருங்க அக்கா. மார்க் போகும். போனாப் போகட்டும்."

போனை வைத்துவிட்டு அக்கா கடையின் பின்பக்கம் போய் உட்கார்ந்தாள். அந்தப் பிடியோடு போனால் பதக்கமே கிடைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். ராவினால் தகுதியே கைவிட்டுப் போகலாம். அவள் வலது கையை மடியில் விரித்து வைத்தாள். அது மெதுவாக மடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அரத்தை இடது கையில் எடுத்தாள். மரப்பிடியில் உள்ளங்கை படியும் மேட்டைத் தேய்த்தாள், சுண்டுவிரல் பள்ளத்தைத் தேய்த்தாள். மரத்தூள் மழைக்கோட்டுகள் மேலெல்லாம் படிந்தது. முடித்தபோது மரப்பிடிக்கும் அவள் கைக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. கிளப்பில் சுட்டபோது அட்டையில் துளைகள் எட்டிலும் ஏழிலும் சிதறின. ஆனால் இரண்டு நாளில் அவள் கை கோட்டைச் சாதாரணமாக மடித்தது.

மாநிலப் போட்டியில் சுடுவதற்கு முன் துப்பாக்கிகளைச் சோதிக்கும் மேசையில் ஒரு கனத்த ஆள் இருந்தார். சிலிண்டர் தேதி, டிரிக்கர் எடை எல்லாம் பார்த்தார். கடைசியில் பிஸ்டலைச் சும்மா கையில் எடுத்துப் பிடித்தவர், புருவத்தை உயர்த்தினார்.

"அட, எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கேம்மா! விக்கறதா இருந்தா சொல்லும்மா."

அக்காவின் முகம் வெளிறியது. ராவிய இடங்களையெல்லாம் அவருடைய பெரிய விரல்கள் இடைவெளியே இல்லாமல் நிறைத்திருந்தன.

"விக்கறதில்லைங்க சார்," என்று கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் கையில் அது பழையபடி ஆடியது.

ஒவ்வொரு குண்டுக்கும் கையைக் கீழே இறக்கி, இடைவெளியைச் சரிபண்ணிப் பிடித்து, மறுபடி உயர்த்தினாள். எல்லோரும் முடித்த பிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். திரையில் அவளுடைய புள்ளிகள் மேலும் கீழும் வலதிலுமாகச் சிதறிக் கிடந்தன. தகுதிக்குத் தேவையானதைவிட ஒரு மதிப்பெண் மேலே நின்றாள். பதக்கம் இல்லை. அவள் அழுததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்; அதுவும் சிரித்துக்கொண்டே அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பிஸ்டலைக் கையில் எடுத்தவள் சுடாமல் நின்றாள்.

"என்னக்கா?"

"பிடி மறுபடி கொஞ்சம் இதமா இருக்குடி," என்றாள். பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, பையைத் திறந்து அரத்தைத் தேடினாள்.