ஸ்டீபனின் காதுக்குள் கேட்ட ஒலி

போன வாரம் மிக்ஸியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒயரைப் பற்றவைக்க ஈயக் கம்பியைச் சூட்டுக்கோலில் வைத்ததும் மெல்லிய புகை எழுந்தது. கொஞ்சம் குங்கிலியம், கொஞ்சம் கருகிய பிளாஸ்டிக். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் ஸ்டீபன் பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. செத்துப்போனவனைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ உடம்பு லேசாகச் சிலிர்க்கிறது.

திருப்பத்தூரிலிருந்து பெங்களூர் வந்த புதிதில் ஓசூர் ரோட்டில் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தேன். ஸ்டீபன் பக்கத்து நாற்காலிக்காரன். இந்த ஊரிலேயே, ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவன். தமிழும் கன்னடமும் அவன் வாயில் ஒரே மொழி போல வரும். என் ஹெட்போன் ஒருநாள் இரைந்தது. மாற்றித் தரச் சொல்லக் கிளம்பியவளைத் தடுத்து, "ஏய், குடுத்துடாத. நல்லா இருக்குல்ல இந்த சவுண்டு?" என்றான். அந்த இரைச்சலைப் பதிவுசெய்து வீட்டுக்கு எடுத்துப்போனான். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று அன்றைக்கு வியந்தேன். அடுத்த மாதமே நானும் அப்படி ஆகிவிட்டேன்.

அவனும் அவனைப் போன்ற சிலரும் செய்த இசைக்கு இந்த ஊர் பப்களில் இடமில்லை. தாளம் எங்கே, ஆடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம், பழைய கீபோர்டைப் பிரித்து ஒயரை மாற்றிப் பற்றவைத்தால் வரும் அலறல் — இவைதான் எங்கள் ராகங்கள். ஓசூர் ரோட்டையொட்டிய அடுகோடியில் நாகராஜண்ணா வைத்திருந்த லேத் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று மத்தியானம் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். கட்டிங் ஆயில் மணக்கும் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வோம். நிகழ்ச்சி நடத்துகிறவர்களை விடக் கேட்பவர்கள் கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டால் அது மாபெரும் வெற்றி.

நானும் வாசித்தேன். ‘பவர்கட்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை என் நிகழ்ச்சியின் நடுவில் உண்மையிலேயே கரண்ட் போனது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய கைதட்டல் அதுதான்.

ஸ்டீபன் வேறு ஜாதிக் கலைஞன். ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தன் ஒலிக்கருவியின் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பான். "காதுல பஞ்சாவது வெச்சுக்கோடா" என்றால் சிரிப்பான். அப்புறம் ஒருநாள் ஆபீஸில், "ஏசி விசிலடிக்குதே, உனக்குக் கேக்குதா?" என்றான். எனக்குக் கேட்கவில்லை. ஏசி அன்று ஓடவும் இல்லை.

அந்த விசில் நிற்கவேயில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, காதின் உள் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்றாராம். பழகுவதற்கு அது என்ன புது வீடா? அவன் தூக்கம் போயிற்று. பேச்சு குறைந்தது. அவன் அம்மா ரீட்டா ஆன்ட்டி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுப் பார்த்தார். மாதா கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெயும் கொண்டுவந்து தடவினார். தினமும் காபி கொடுக்கும்போது, "இப்பவும் கேக்குதாடா?" என்பார். அவன் தலையை மட்டும் ஆட்டுவான். அவன் மொட்டை மாடிக்குப் போனால், காய்ந்த துணியை மறுபடி காயப்போடுகிற சாக்கில் அவரும் பின்னாலேயே ஏறுவார். அதை என்னிடம் அவர் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு நான் சும்மா சொல்றேன்னு ஒரு சந்தேகம் இருக்கு. உனக்கும்தான்" என்றான் ஸ்டீபன். நான் மறுத்தேன். ஆனால் இல்லாத ஒரு சத்தத்தை எப்படி நம்புவது, சொல்லுங்கள்?

அவன் அதைத் தேடத் தொடங்கினான். தன் கருவியில் ஒரே ஒரு ஒலியை வைத்துக்கொண்டு, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி, காதுக்குள் கேட்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். இது இல்லை, இதுவும் இல்லை. பல வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "மாட்டிக்கிச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வரேன்" என்றான்.

கோயிலில் பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பூப்போட்ட பட்டுப்புடவையோடு ரீட்டா ஆன்ட்டி பட்டறைக்கு வந்தார். நாகராஜண்ணா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஸ்டீபன் மற்றவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் காதருகே குனிந்து, "இதாம்மா எனக்குக் கேக்குறது" என்றுவிட்டுப் போய்க் குமிழைத் திருப்பினான்.

ஊசி போல ஒரு ஒலி. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். "ஏனப்பா, ஸ்வல்ப கம்மி பண்ணு. பல்லு கூசுது" என்று நாகராஜண்ணா கத்தினார். அது தலைக்குள் எங்கிருந்து கேட்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

ரீட்டா ஆன்ட்டிதான் எழுந்தார். "போதும்டா! நிறுத்துடா ஸ்டீபா!"

"என்னால நிறுத்த முடியாதும்மா" என்றான் அவன்.

ஆன்ட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவனருகில் போட்டு உட்கார்ந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஓடட்டும். நானும் இருக்கேன்."

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவனே குமிழைத் திருப்பி ஒலியை அணைத்தான். ஓசூர் ரோட்டு வண்டிச் சத்தமும், தகரக் கூரையில் புறா நடக்கும் சத்தமும் மெல்லத் திரும்பி வந்தன. ஸ்டீபன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது.

"நின்னுடுச்சு" என்றான் கிசுகிசுப்பாக. "அம்மா, நின்னுடுச்சும்மா."

வெளியிலிருந்து ஒலி கொடுத்தால் உள்ளே கேட்பது சிலருக்குச் சற்று நேரம் அடங்குமாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு அது அற்புதமாகத்தான் பட்டது. மூச்சுவிடக்கூடப் பயந்தோம். பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. அவன் குழந்தை மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் புன்னகைத்தான். ஒரு நிமிடம் இருந்திருக்குமா? பிறகு அந்தப் புன்னகை அப்படியே முகத்திலேயே உறைந்துபோயிற்று.

"வந்துடுச்சு" என்றான்.

"வரட்டும் விடு" என்றார் ஆன்ட்டி, கையை விடாமல். "இப்ப எனக்கும் தெரியும்ல அது என்னன்னு."

அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவில்லை. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். கம்ப்ரஸர் அறைக்குப் பக்கத்திலேயே இடம் கேட்டு வாங்கிக்கொண்டானாம். "அந்த இரைச்சல்ல இது முங்கிடுது. நல்லாத் தூங்குறேன் இப்பல்லாம்" என்றான் ஃபோனில். அவன் பின்னாலேயே மொட்டை மாடிக்கு ஏறும் அவசியம் ஆன்ட்டிக்கு இல்லாமல் போனது. இரண்டு வருடம் முன்பு அவர் இறந்தபோது, கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் ஸ்டீபன் சொன்னான்: "இனிமே ‘கேக்குதாடா’ன்னு கேக்க ஆளில்ல."

மிக்ஸியோடு வீடு திரும்பிய அன்று பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பதிவுசெய்திருந்தேன். ஓடவிட்டேன். நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். நாகராஜண்ணா பல் கூசுகிறது என்றார். அந்த ஒலியை மட்டும் காணோம். பதிவு கெட்டுவிட்டது என்று நினைத்து மகளைக் கூப்பிட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஐயோ, என்னம்மா இது? நிறுத்து மொதல்ல!"

இந்த வயதில் உச்ச ஒலிகளைக் கேட்கும் சக்திதான் முதலில் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் போய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். நாகராஜண்ணா ஊரோடு போய்விட்டார். சாக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ. மகள் போன பிறகு மறுபடி ஓடவிட்டேன். ஒன்றுமே கேட்காத அமைதியில் ரீட்டா ஆன்ட்டி, "போதும்டா! நிறுத்துடா ஸ்டீபா!" என்று கத்திக்கொண்டிருந்தார்.